கேப்டனுக்கு வயிறு சரியில்லை

கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அது பொய்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? பொய்னு நானே சொல்லிட்டேன்ல. தாம்பரத்துல நான் ஏறினதும் நீங்க கூடையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு எனக்கு இடம் கொடுத்தீங்க. எது வரைக்கும்னு கேட்டீங்க. செங்கல்பட்டு தாண்டி கூட்ரோட்டுல இறங்கணும், அங்க ஒரு அம்மன் கோயில், வேண்டுதல்னு சொன்னேன். வேண்டுதலும் இல்ல, அம்மனும் இல்ல. வேணும்னுதான் சொன்னேன். வசுமதின்னு ஒரு டாக்டரம்மா எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கு. இந்த வயசுல, எனக்கு, வீட்டுப்பாடம். "நீங்க பொய் சொன்ன ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க." அவ்வளவுதான் பாடம். ஒருத்தர்னுதான் சொன்னாங்க. தெரிஞ்சவங்களா இருக்கணும், பழைய பொய்யா இருக்கணும்னெல்லாம் சொல்லல. அதான் ஏறினதுமே உங்ககிட்ட ஒரு பொய்யப் போட்டு வச்சேன். இப்ப உண்மையச் சொல்லிடறேன். கூட்ரோடு வர்றதுக்குள்ள பாடம் முடிஞ்சிரும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், காதக் கொடுத்தா போதும்.

என் பேரு தமயந்தி. எங்க வீட்டுக்காரர் ஏரோப்ளேன் ஓட்டறவர், கேப்டன் ரத்தினவேல். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். பைலட் பொண்டாட்டி எதுக்கு முக்காடு போட்டுக்கிட்டு இந்த பஸ்ல இடிபட்டுக்கிட்டு வர்றான்னுதானே? வீட்ல கார் இருக்கு, ஓட்ட ஆளும் இருக்கு. அந்த டிரைவருக்குத் தெரிஞ்சா அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சா செகரட்டரி அம்மாவுக்குத் தெரியும். அப்புறம் நங்கநல்லூர் பூரா தெரியும். ஏன்னா எங்க வீட்டுக்காரர் இப்ப பிரான்ஸ்ல இருக்காரு. புது மாடல் ப்ளேனுக்கு ட்ரெயினிங். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். பாண்டி பஜார்ல போய் பிரெஞ்சு சாக்லேட் தேடி வாங்கி, அவர் அனுப்பினாருன்னு மூணு மாடிக்கும் கொடுத்தேன். பெங்களூர்ல இருக்குற எங்க பொண்ணுக்கும் பிரான்ஸ்தான், விருதுநகர்ல இருக்குற எங்க அண்ணனுக்கும் பிரான்ஸ்தான். உண்மைல அவர் இருக்குறது அந்தக் கூட்ரோட்டுல இறங்கி உள்ள போனா, மாந்தோப்புக்கு நடுவுல ஒரு கட்டடம். போர்டு சின்னதாத்தான் வச்சிருக்காங்க. அதுக்கு மட்டும் அவங்களக் கையெடுத்துக் கும்பிடணும்.

என்ன இடமா? வயிறு சரியில்லாதவங்க தங்கற இடம்னு வச்சுக்கங்களேன்.

சரி சரி, பாடம் ஞாபகம் இருக்கு. அந்தப் பழக்கத்த விடறதுக்கான இடம். சாயங்காலமானா பாட்டில் தேடுற பழக்கம். புரிஞ்சுதுல்ல? அந்த வார்த்தைய என் வாயால சொல்ல வைக்காதீங்க. எங்க வீட்ல அந்த வார்த்தை புழங்கினதே கிடையாது.

இன்னிக்கு அவரை வெளிய அனுப்பறாங்க. எங்க அனுப்பறாங்கங்கறதுதான் இப்ப கேள்வியே. வீட்டுக்குத்தானேன்னு நீங்க நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். போன ஞாயித்துக்கிழமை அந்த டாக்டரம்மா முன்னாடி உக்காந்துக்கிட்டு மனுஷன் சொல்றாரு, தமயந்தி பாடத்த முடிச்சுட்டு வந்தா அவகூட வீட்டுக்குப் போறேன், இல்லாட்டி அலோசியஸ் வீட்டு மாடில தங்கிக்கறேன்னு. அலோசியஸ்ங்கறது அவர் கம்பெனிலயே இன்னொரு கேப்டன். கட்டின பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அடுத்தவன் வீட்டு மாடில போய் இருப்பாராம். எவ்வளவு நாளைக்குன்னு கேட்டேன். தெரியலன்னாரு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு எனக்குக் கிடைச்ச பதில் அதுதான். அவர் வீட்டுக்கு வரணும்னு நான் எவ்வளவு தவிச்சுப் போயிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் முன்னப்பின்ன தெரியாத உங்களப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன்.

அப்படி நான் என்ன பாவம் பண்ணிட்டேன்னு கேளுங்க. சொல்றேன்.

பைலட்டுங்க முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல தொடவே கூடாதுன்னு சட்டம். ஏர்போர்ட்ல ஒரு மெஷின் வச்சிருப்பாங்க, வாயில வச்சு ஊதணும். உள்ள ஏதாவது இருந்தா காட்டிக் கொடுத்துரும். கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரையும் கூப்பிடறதில்ல, அன்னிக்கு லிஸ்ட்ல யார் பேர் வருதோ அவங்க ஊதணும். மாட்டினா லைசென்ஸ் போச்சு, மானமும் போச்சு. எத்தனையோ பேரு வீட்ல பொண்டாட்டிங்க அழுதுக்கிட்டு இருப்பாங்க. நான் அழுவற ஆள் இல்ல. அதே மாதிரி ஒரு மெஷின நானே வாங்கி வீட்ல வச்சுட்டேன். இதோ, கைப்பையிலதான் இருக்கு, பாருங்க. தொடலாம், ஒண்ணும் ஆகாது. இதுல ஊதி பச்சை லைட் வந்தா கிளம்பலாம். சிவப்பு வந்தா கிளம்பக் கூடாது. இதுல என்ன தப்பு சொல்லுங்க.

இத நான் கண்ட எடத்துல வைக்கல. சாமி அலமாரில, குத்துவிளக்குக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். டியூட்டி நாள் காலைல குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, விபூதி பூசிக்கிட்டு, ஊதிட்டுக் கிளம்புவாரு. ஆயுத பூஜைக்கு இதுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. இன்னும் ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. சாப்பாடு போடற பொருள்தானே இதுவும்.

சிவப்பு வந்தா என்ன பண்ணுவேனா? போன எடுப்பேன். டியூட்டி போடற ஆபீஸ்ல ஒரு பையன் இருப்பான். "தம்பி, கேப்டனுக்கு வயிறு சரியில்லப்பா." முடிஞ்சுது. அவன் வேற ஆளப் போட்டுப்பான். ஜுரம்னு சொன்னா டாக்டர் சீட்டு கேப்பாங்க. தலைசுத்தல்னு சொன்னா ஸ்கேன் எடுன்னுவாங்க. வயிறுன்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தனும் மேல கேக்க மாட்டான். இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தா? நானா யோசிச்சு நானா கத்துக்கிட்டேன். மொதல்ல எப்பவாவது ஒரு தடவ வயிறு. அப்புறம் மாசத்துக்கு ஒரு வயிறு. கடைசில வாரத்துக்கு ஒரு வயிறுன்னு ஆச்சு. அந்த ஆபீஸ்ல என் சமையலுக்கே கெட்ட பேரு வந்துருச்சு, தெரியுமா? வருஷக் கடைசி விருந்துல ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, ஆன்ட்டி, சாருக்குக் காரத்தக் குறைங்கன்னு புத்தி சொல்லுது. என் சாம்பார் மேல பழியப் போட்டுக்கிட்டு நின்னேன் நான். அந்த மனுஷனுக்காக என் கைமணத்தையே விட்டுக் கொடுத்திருக்கேன்.

ஒரு நாள்கூட அவர் போதையில ப்ளேன் ஏறினது கிடையாது. எல்லாம் நான் பிடிச்சுப் பிடிச்சு நிறுத்தினது. எத்தனை ஆயிரம் பேரக் காப்பாத்தியிருப்பேன் நினைச்சுப் பாருங்க. எனக்கு யாராவது ஒரு சால்வை போட்டாங்களா? அந்த அலோசியஸுக்குப் போடறாங்க. அங்க போனா எல்லாரும் கேப்டன் அலோசியஸ், கேப்டன் அலோசியஸ்னு உருகறாங்க.

அவர் யாருன்னு சொல்லலியே. அவரும் ஒரு காலத்துல அதே பழக்கம்தான், இதே மாதிரி ஒரு எடத்துல கிடந்து எந்திரிச்சு வந்து, மறுபடி ப்ளேன் ஓட்டறாரு. அதோட சும்மா இருக்கலாம்ல? பைலட்டுக்குப் பைலட் கைகொடுக்கறதுன்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. ரகசியமா போன்ல பேசுவாங்க, வாராவாரம் கூடுவாங்க, டீ, மேரி பிஸ்கட், ஒருத்தர் கதைய ஒருத்தர் கேட்டுக் கண்ணத் தொடச்சுப்பாங்க. தானா வந்து ஒத்துக்கிட்டா அது வியாதி, மாட்டிக்கிட்டா அது குத்தம். அப்படி ஒரு கணக்கு அவங்களுக்கு. ஒரு நாள் அந்த மனுஷன் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு, மஸ்கோத் அல்வாவோட. வாங்கண்ணேன்னு காபி கொடுத்தேன். கெளம்பறப்ப எங்க வீட்டுக்காரர் கையப் பிடிச்சுக்கிட்டு, "ரத்தினம், எனக்கும் இதே வயிறுதான் இருந்துச்சு"ன்னாரு. ஒரு கார்டு கொடுத்தாரு. அதுல ஒரு நம்பர் மட்டும் இருந்துச்சு. அவர் லிஃப்ட்ல இறங்கினதும் அந்தக் கார்டக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். அல்வாவ வச்சுக்கிட்டேன், அது என்ன பாவம் பண்ணுச்சு. ஆனா பாருங்க, எங்க வீட்டுக்காரர் அதுக்குள்ள அந்த நம்பர மனப்பாடம் பண்ணிட்டாரு. என் பிறந்தநாள் இன்னிவரைக்கும் அவருக்கு ஞாபகம் இருந்ததில்ல.

இப்ப அந்தமான் விஷயத்துக்கு வாறேன்.

எங்க அண்ணன் குணசீலன், விருதுநகர்ல பருப்பு மண்டி. மாப்பிள்ளை ஓட்டற ப்ளேன்ல ஒரு தடவையாவது போகணும்னு அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. தங்கச்சி புருஷன் பைலட்னு ஊர்ல சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன். இவருக்கு அந்தமான் டியூட்டி வர்ற நாளப் பார்த்து, அதே ப்ளேன்லயே அண்ணன், மதினி, ரெண்டு பிள்ளைங்களுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். இறக்கைக்குப் பக்கத்து வரிசை. சின்னவனுக்கு ஜன்னலோரம் வேணும்னு நானே சண்டை போட்டு வாங்கினேன். கேப்டன் மைக்ல பேசுவாங்கள்ல, அதத் தமிழ்ல பேசணும், அண்ணன் பேரச் சொல்லி வரவேற்கணும்னு எழுதியே கொடுத்துட்டேன் இவர்கிட்ட. சின்னவன் அத ரெக்கார்ட் பண்ணி ஊர்ல எல்லாருக்கும் அனுப்பறதா ஏற்பாடு.

முந்தின நாளே எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. வீடு நிறைய ஆளு, சிரிப்பு. இவர் மட்டும் மொட்டை மாடித் தண்ணித் தொட்டியப் பார்த்துட்டு வாறேன், பார்த்துட்டு வாறேன்னு சாயங்காலத்துலேருந்து ஏறி ஏறி இறங்கினாரு. மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்புன்னு எங்க அண்ணன் மெச்சிக்கிட்டாரு.

விடிஞ்சுது. அவங்கள எல்லாம் ஒரு வண்டில ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். இவர் குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, விபூதி பூசிக்கிட்டு வந்து ஊதினாரு. சிவப்பு. அன்னிக்குப் போயி வயிறு சரியில்லன்னு எப்படிச் சொல்லுவேன்? அண்ணன் குடும்பமே அங்க போய் நிக்குது. போதாக்குறைக்கு அதுக்கு முந்தின வாரம்தான் அந்த ஆபீஸ் பையன், இன்னொரு தடவ வயிறுன்னா பெரிய டாக்டர்கிட்ட அனுப்பிருவாங்கம்மான்னு சொல்லியிருந்தான். மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு எனக்குத் தோணுச்சு. சந்தனம் ஓட்டைக்குள்ள போயிருக்குமோன்னு குண்டூசி விட்டுச் சுத்தம் பண்ணேன். மறுபடி ஊதச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நானே வாங்கி ஊதினேன். பளிச்சுன்னு பச்சை! அப்பாடான்னு இருந்துச்சு. பார்த்தீங்களா, பச்சை வந்துருச்சு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, கிளம்புங்கன்னேன். ரெண்டு இட்லியும் வாயில போட்டு அனுப்பினேன்.

வாசப்படில நின்னு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "நீ ஊதினா பச்சைதான் வரும், தமயந்தி"ன்னாரு. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்கன்னு கதவச் சாத்தினேன்.

அங்க போய் என்ன பண்ணாருன்னு நினைக்கறீங்க? அன்னிக்கு ஊதற லிஸ்ட்ல அவர் பேரே இல்லையாம். பேசாமப் போய் உக்காந்து ஓட்டிட்டு வந்திருக்கலாம். வாசல்ல நின்னுக்கிட்டு, மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு பாருங்க, அந்த நம்பருக்குப் போன் போட்டிருக்காரு. அலோசியஸ் ஓடி வந்துட்டாரு. ரெண்டு பேருமா டியூட்டி ஆபீசர் முன்னாடி போய் நின்னு, இவர் அந்த வார்த்தையச் சொல்லிட்டாரு. பச்சையா, நாலு பேர் கேக்க. நான் இன்னிக்கு ஓட்டற நிலைமைல இல்ல, எனக்கு இது வியாதியாப் போச்சு, உதவி வேணும்னு. வேலை பார்க்குற எடத்துல யாராவது உண்மையச் சொல்லுவாங்களா? வயிறுன்னு ஒரு வார்த்தை, எவ்வளவு சுலபமா முடிஞ்சிருக்கும். மறுநாளே ஓட்டியிருக்கலாம். இப்ப பாருங்க, வைத்தியம், அப்புறம் திடீர் திடீர்னு டெஸ்ட், வாராவாரம் அலோசியஸ் முன்னாடி ஆஜர், டாக்டருங்க எல்லாரும் சரின்னு எழுதினாத்தான் மறுபடி ப்ளேன்.

சின்னவன் ப்ளேன்லேருந்து எனக்கு ரெக்கார்ட் அனுப்பறான். எவனோ இந்திலயும் இங்கிலீஷ்லயும் பேசறான். கீழ ஒரு வரி, அத்தை, இது மாமா வாய்ஸ் இல்லியேன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அண்ணன் கூப்பிட்டுக் கேட்டாரு. வயிறு சரியில்லண்ணேன்னேன். ஒரு வாரம் வயிறுலயே ஓட்டினேன். அதுக்கு மேல வயிறு தாங்காதுன்னுதான் பிரான்ஸுக்கு அனுப்பினேன்.

இருங்க, போன் அடிக்குது. அண்ணன்தான். ஞாயித்துக்கிழமை தவறாமக் கூப்பிடுவாரு.

அண்ணே, சொல்லுங்கண்ணே. நல்லா இருக்கேன். அவரா? பேசினாரே, காலைலதான் பேசினாரு. அங்க குளிராம். ஆமாண்ணே, ஞாயித்துக்கிழமையும் கிளாஸ் வைக்கறானுங்களாம், வெள்ளைக்காரனுங்க அப்படித்தான். வயிறா? இப்பப் பரவாயில்லையாம், அந்த ஊர் ரொட்டி ஒத்துக்குதாம். என்ன சத்தமா? டிவிண்ணே. வீட்லதான் இருக்கேன், படம் ஓடுது. சரிண்ணே, மதினியக் கேட்டேன்னு சொல்லுங்க. வச்சிடறேன்.

பார்த்தீங்களா? ஹாரன் சத்தத்த டிவின்னுட்டேன். நொடியில வந்துச்சு. இதுக்கெல்லாம் ஒரு பரிசு கொடுத்தா எனக்குத்தான் கொடுக்கணும்.

நீங்க ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க? அவர்கிட்டச் சொல்ல முடியாதுங்க. எங்க அண்ணன் பூப்போல மனுஷன், இடிஞ்சு போயிருவாரு. அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்றேன். உங்களுக்குச் சொன்னா யாருக்கு நஷ்டம்?

அந்த எடத்துக்கு மொதல் தடவ போனப்ப நான் பார்த்ததச் சொல்றேன். முந்நூறு பேரத் தூக்கிக்கிட்டுப் பறக்குற மனுஷன், சமையல்கட்டுல உக்காந்து கேரட் சீவிக்கிட்டிருக்காரு. பக்கத்துல ஒரு பேங்க் மேனேஜர் வெங்காயம் உரிக்கறாரு. வீட்ல இவர் ஒரு டம்ளர எடுத்து வச்சதில்ல. என்னங்க இதுன்னேன். இன்னிக்குப் பொரியல் என் டியூட்டின்னாரு. சிரிச்சாரு வேற. கன்னமெல்லாம் கொஞ்சம் சதை போட்டு, கண்ணு வெள்ளையா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையானா குடும்பத்தாளுங்கள வட்டமா நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க. ஒவ்வொருத்தரும் மனசத் திறக்கணுமாம். நான் எதுக்குத் திறக்கணும்? எனக்கா வியாதி? போன வாரம் அந்த டாக்டரம்மா இவரக் கேட்டாங்க, வீட்டுக்குப் போக ஏன் பயப்படறீங்கன்னு. இவர் என் பக்கம் திரும்பாமலே சொல்றாரு.

"வீட்ல என்னை மறைக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கு டாக்டர். இவ என் மூஞ்சியப் பார்த்து வருஷக்கணக்காச்சு. காலைல மெஷினத்தான் பார்ப்பா."

கேட்டீங்களா கதைய? மூஞ்சில என்ன பச்சையும் சிவப்புமா லைட்டா எரியுதுன்னு கேட்டுட்டேன். வட்டத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க. இவர் சிரிக்கல. அப்பதான் அந்தம்மா எனக்குப் பாடத்தக் கொடுத்துச்சு, அப்பதான் இவர் அலோசியஸ் வீட்டு மாடின்னாரு.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியத் தொடைக்கறப்ப அழுகை வந்துருச்சு எனக்கு. அவருக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு. எந்தக் கன்னம்னு யோசிச்சா சட்டுன்னு வரல. சரி, வயசானா மறதி வரத்தான் செய்யும், அத விடுங்க.

இன்னிக்கு வெளிய வந்ததும் மாந்தோப்புலயே ஒரு தடவ இதுல ஊதச் சொல்லிப் பார்த்துடணும். பச்சை வந்தா எனக்கு நிம்மதி. அதுக்குத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன். அவ்வளவுதாங்க விஷயம். ஆக, உங்ககிட்டக் கோயில்னு சொன்னேன், இப்ப உண்மையச் சொல்லிட்டேன். பாடம் முடிஞ்சுது. அந்த டாக்டரம்மா ஒருவேளை சாட்சி கேட்டா உங்க பேரச் சொல்லிக்கலாமா? போன்ல ஒரு வார்த்தை ஆமான்னு மட்டும் சொன்னா போதும்.

என்ன கேக்கறீங்க?

நான் ஊதினப்பப் பச்சை வந்துச்சுன்னா மெஷின் நல்லாத்தானே இருந்திருக்குன்னா? ஆமாங்க, அதத்தானே நானும் இவ்வளவு நேரமாச் சொல்றேன். மெஷின் நல்லா இருக்கு, ஒரு கோளாறும் இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே நான் அவரக் கிளம்பச் சொன்னேன். சும்மாவா அனுப்பினேன்? நானே ஊதிப் பார்த்து, நல்லா இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு...

மெஷின் நல்லா இருந்துச்சுன்னா...

இருங்க. கொஞ்சம் இருங்க.

அப்ப அவர் ஊதினது ரெண்டு தடவையும் நிஜம்.

இல்லங்க, நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கல. அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க. அன்னிக்கு லிஸ்ட்ல அவர் பேரு இல்லங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நேராப் போய் உக்காந்திருப்பாரு. பின்னாடி எங்க அண்ணன், எங்க மதினி, பெரியவ, ஜன்னலோரம் சின்னவன். அந்தச் சீட்ட நான்தானே சண்டை போட்டு வாங்கினேன். வாசப்படில நின்னு சொன்னாரே அவரு. நீ ஊதினா பச்சைதான் வரும்னு சொன்னாரே. நான் கதவச் சாத்தினேன். மைக்ல பேசறதுக்கு எழுதிக் கொடுத்த பேப்பர் அவர் சட்டைப் பையில இருந்துச்சுங்க. அதோடதான் போயி அந்த ஆபீசர் முன்னாடி நின்னிருக்காரு.

கண்டக்டர் என்ன சொல்றாரு? அடுத்தது கூட்ரோடா? இறங்கணும். அந்த மெஷினக் கொடுங்க, பையில போட்டுக்கறேன். இல்ல, தண்ணி வேண்டாம். எழுந்திரிக்கறேன், வழி விடுங்க, கையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

அண்ணே. நான்தான். இல்லண்ணே, அது டிவி இல்ல. பஸ்ல போய்க்கிட்டிருக்கேன். ஆமா, பஸ்லதான், தனியாத்தான். ஒண்ணும் ஆகல, பதறாதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க. அவரு பிரான்ஸ்ல இல்லண்ணே. போகவே இல்ல. இங்கதான், செங்கல்பட்டுக்குப் பக்கத்துல இருக்காரு. குடிய நிறுத்தறதுக்குச் சேர்ந்திருக்காரு. குடின்னுதான் சொன்னேன், உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. அன்னிக்கு அந்தமான் ப்ளேன்ல நீங்க எல்லாரும் உக்காந்திருந்தீங்கள்ல, அன்னிக்குக் காலைலயும் போதைலதான் இருந்தாரு. நான் கிளம்புங்கன்னுதான் அனுப்பினேன். அவர்தான் ஓட்ட மாட்டேன்னு நின்னுட்டாரு.

வயிறா? இல்லண்ணே. வயித்துக்கு ஒண்ணுமே இல்ல. அவருக்கு வயிறு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு.